ஓதச் சுவரும் உடம்பின் நிதானமும்



இந்த அரங்கத்துக்குள் காலடி வைத்ததும் ஒரு வாடை உங்கள் மூக்கில் பட்டிருக்கும். ஊருக்குப் போய்விட்டு ஒரு மாதம் கழித்து வந்து வீட்டைத் திறந்தால் வருமே, அதே மக்கிய வாடை. எனக்கு இடப்பக்கம் அந்த ஜன்னலைப் பாருங்கள். அதற்குக் கீழே ஓதம் ஏறி, சுண்ணாம்பு உப்பி, நடுவில் கரும்பச்சையாகப் புள்ளி புள்ளியாகப் பூத்திருக்கிறதே, அதைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. நம் பாட்டிமார் அதைப் பூசணம் என்றார்கள். பாடப்புத்தகம் பூஞ்சை என்கிறது. அது சுவரில் இருக்கிறது. நாம் நாற்காலியில் இருக்கிறோம். நடுவில் பத்தடி தூரம். அந்தப் பத்தடியைக் கடந்து அது நம் நெஞ்சுக்குள் வரும்போது உடம்பு என்ன செய்கிறது? இதுதான் கேள்வி.

நெஞ்சு நோய் மருத்துவனாக முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம், ஒரு தாய் தன் எட்டு வயது மகனை அழைத்து வந்தார். உட்காரும் முன்பே சொன்னார்: "டாக்டர், இவனுக்கு எதிர்ப்பு சக்தியே இல்ல. மழை வந்தா போதும், ராத்திரி பூரா இருமுறான், இழுக்குது. ஆன்டிபயாடிக் மாத்தி மாத்திக் குடுத்தாச்சு. உடம்புல சத்து ஏற ஏதாவது டானிக் எழுதிக் குடுங்க." ஏற்கெனவே ஓரிடத்தில் ப்ரைமரி காம்ப்ளக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய், என்று சொல்லி ஆறு மாதம் மருந்தும் கொடுத்திருந்தார்கள்.

"லீவுக்கு ஊருக்குப் போனா எப்படிம்மா இருக்கான்?" என்று கேட்டேன்.

"அங்க ஒண்ணுமே இல்ல டாக்டர். அம்மாச்சி வீட்டுல நல்லா ஓடியாடுறான். இங்க வந்து ரெண்டு நாள்ல ஆரம்பிச்சுடுது."

ஊரில் இருக்கும் எதிர்ப்பு சக்தி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கே போய்விடும்? "வீட்ல எங்க தூங்குறான்?" என்றேன். "பீரோ ஓரமா, கீழ பாய் போட்டு" என்றார். "இன்னைக்குப் போனதும் அந்த பீரோவ நகர்த்திப் பாருங்கம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவர் என்ன பார்த்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பையனின் மூச்சோடு சேர்ந்து நாமும் உள்ளே போவோம்.

பூசணம் பரவுவது வித்துகளால். ஆஸ்பெர்ஜில்லஸ் என்று ஒரு பூஞ்சை. அதன் ஒரு வித்து இரண்டு, மூன்று மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி ஒன்றின் குறுக்கே இருபது, முப்பது வித்துகளை வரிசையாக அடுக்கிவிடலாம். ஒரு நாளில் நாம் இழுத்து விடும் காற்று 10,000 லிட்டருக்கு மேல். அந்தக் காற்றோடு ஒவ்வொரு நாளும் நூற்றுக்கணக்கான வித்துகள் நம் நெஞ்சுக்குள் போகின்றன. மாளிகையில் இருந்தாலும் போகின்றன, குடிசையில் இருந்தாலும் போகின்றன. இப்போது, நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நிமிடமும் போய்க்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் நாம் எல்லோரும் ஏன் இருமவில்லை?

பெரிய வித்துகளை மூக்கும் தொண்டையும் பிடித்துக்கொள்கின்றன. கொஞ்சம் சிறியவை மூச்சுக்குழாயின் சளியில் ஒட்டுகின்றன. அங்கே கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் இரவும் பகலும் அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற மிகச் சிறியவை மட்டும் கடைசி வரை, நுரையீரலின் காற்றுப் பைகள் வரை போய்விடும். அங்கே விழுங்கு செல்கள் காத்திருக்கின்றன. வந்ததை விழுங்கிச் செரித்துவிடுகின்றன. சத்தமில்லை, காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. சன்னதி வாசலைப் பெருக்குகிறவர் யாருக்கும் தெரியாமல் விடியுமுன் பெருக்கிவிட்டுப் போவதுபோல வேலை முடிந்துவிடுகிறது.

இங்கே ஓர் அதிசயம் இருக்கிறது. வித்தின் மேல் தண்ணீர் ஒட்டாத ஒரு புரத உறை இருக்கிறது, மழைக்கோட்டைப் போல. அந்த உறை இருக்கும்வரை நம் எதிர்ப்புப் படைக்கு அது பகையாகவே தெரிவதில்லை. 2009-இல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் இதைக் காட்டினார்கள். உறையை நீக்கிய வித்தைக் கண்டால் படை கிளம்புகிறது. உறையோடு இருக்கும் வித்தைக் கண்டால் பேசாமல் இருக்கிறது. வித்துக்கு ஈரமும் வெப்பமும் கிடைத்து, ஊதிப் பெருத்து, முளைவிட ஆரம்பிக்கும்போதுதான் உறை கிழிகிறது. உள்ளேயிருக்கும் பீட்டா குளுக்கான் என்ற மாவுப்பொருள் வெளியே தெரிகிறது. நம் செல்களின் மேல் டெக்டின்-1 என்று ஓர் உணர்வி உண்டு. பீட்டா குளுக்கானைத் தொட்டறிவதுதான் அதன் வேலை. அது தொட்டவுடன் அழைப்பு போகிறது. நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் ரத்தத்திலிருந்து பாய்ந்து வருகின்றன. முளைத்த இழைகளை அமிலமும் ஆக்சிஜன் நஞ்சும் உமிழ்ந்து கொல்கின்றன.

இதில் உள்ள நிதானத்தைக் கவனியுங்கள். சும்மா கிடக்கும் வித்துக்கு உடம்பு சண்டை போடுவதில்லை. முளைத்தால்தான் போடுகிறது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் வரும் விருந்தாளிகள் ஒவ்வொருவரோடும் மல்லுக்கு நின்றால் நுரையீரல் புண்ணாகிவிடும். உடம்புக்கு இது தெரிந்திருக்கிறது.

இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும்? பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஜூல் ஹாஃப்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடம். 1996-ஆம் ஆண்டு. பழ ஈக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. அதன் மரபணுக்களில் 'டோல்' என்று ஒன்று. அது செயல்படாத ஈக்களை எடுத்து, ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். அந்த ஈ செத்துக் கிடந்த படத்தை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். அதன் உடம்பே தெரியவில்லை. மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை. ரொட்டித் துண்டில் பூசணம் பூத்ததுபோல ஓர் ஈ. பூஞ்சைக்கு எதிராகப் படையை எழுப்பும் ஒரே ஒரு மரபணு போனதால் வந்த கதி. அந்த மரபணுவுக்கு உறவான உணர்விகள் மனிதர்களாகிய நம்மிடமும் இருப்பது அடுத்தடுத்துத் தெரியவந்தது. 2011-இல் ஹாஃப்மனுக்கு நோபல் பரிசு. பரிசுக்கு வழி காட்டியது, பூசணம் பூத்துச் செத்த ஓர் ஈ!

மனிதர்களிலும் அந்த ஈயின் நிலையில் சிலர் இருக்கிறார்கள். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து வெள்ளையணுக்கள் அடியோடு குறைந்தவர்கள், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள், ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் எடுப்பவர்கள். இவர்களுக்குப் பூசணம் பிடித்த சுவர் உயிருக்கே ஆபத்து. 2021-ஐ நாம் மறக்க முடியுமா? கொரோனா இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை என்று ஊரே நடுங்கியதே! இந்தியாவில் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். கண்ணை இழந்தவர்கள் எத்தனை பேர், தாடையை இழந்தவர்கள் எத்தனை பேர்! அப்போது வீட்டுச் சுவரில் கறுப்பாக எதைக் கண்டாலும் மக்கள் அலறியடித்துக்கொண்டு எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த நோயைத் தந்த மியூகார் வகைப் பூஞ்சை கறுப்பு நிறம் கொண்டதல்ல. அது ரத்தக் குழாயை அடைத்துவிடுவதால் செத்துப்போகும் சதைதான் கறுப்பாகிறது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்து வெள்ளையணுக்களைச் செயலிழக்கச் செய்திருந்தன. அதனால்தான் சாதாரணமாக விழுங்கப்பட வேண்டிய வித்து முளைத்தது.

இதெல்லாம் எதிர்ப்பு குறைந்தவர்களின் கதை. ஆனால் என் வெளிநோயாளிகள் வரிசையில் மழைக்காலத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இவர்கள் இல்லை. அந்த எட்டு வயதுப் பையன் இவர்களில் ஒருவன் இல்லை. அவன் தாய் சொன்னது தலைகீழ். அவனுக்கு எதிர்ப்பு குறைவில்லை. எதிர்ப்பு எல்லை மீறியிருந்தது! வீட்டுப் பூசணத்தால் வருகிற நோய்களில் மிகுதியானவை பூஞ்சை செய்கிற நோய்கள் அல்ல. பூஞ்சையைக் கண்டு நம் உடம்பே செய்துகொள்கிற நோய்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் மழையில் இத்தனை தூரம் வந்தேன்.

எப்படி எல்லை மீறுகிறது? பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அதனால் நொதிகளை வெளியே விட்டு, உணவை வெளியிலேயே கரைத்து, பிறகு உறிஞ்சுகிறது. சுவரில் ஒட்டிய காகிதத்தையும் பசையையும் அப்படித்தான் தின்கிறது. அந்த நொதிகளில் சில, புரதத்தை வெட்டுபவை. அவை மூச்சுக்குழாயின் உள்தோலில் பட்டால் அதையும் அரிக்கின்றன. அரிபட்ட செல்கள் அபாயக் குரல் எழுப்புகின்றன. அந்தக் குரலைக் கேட்டு ஓடிவரும் படை எது தெரியுமா? குடற்புழுக்களை விரட்டுவதற்கு என்று உடம்பு வைத்திருக்கும் படை. ஈசினோபில் அணுக்கள் அந்தப் படையைச் சேர்ந்தவை. "ரத்தத்துல ஈஸ்னோபீலியா இருக்காம்" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அதேதான். கூடவே ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளும் உற்பத்தியாகிறது. 1966-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்ற ஜப்பானியத் தம்பதியர் அடையாளம் கண்ட பொருள் அது. ரத்தத்தில் அது இருக்கும் அளவு மிக மிகக் குறைவு. ஆனால் மாஸ்ட் செல்களின் மேல் போய்க் குச்சி குச்சியாக நட்டுக்கொண்டு நிற்கும். அடுத்த முறை அதே பூஞ்சைப் புரதம் வந்து இரண்டு குச்சிகளைச் சேர்த்துத் தொட்டால் போதும், மாஸ்ட் செல் தன்னிடம் உள்ள ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், மூச்சுக்குழாய் சுருங்கும்.

இதை நேரில் பார்க்கலாம். அந்தப் பையனின் முன்கையில் பேனாவால் கோடு போட்டு, வரிசையாகப் பூஞ்சைச் சாறுகளைத் துளித்துளியாக வைத்தோம். ஒவ்வொரு துளியின் மேலும் ஊசிமுனையால் ரத்தம் வராமல் ஒரு சின்னக் குத்து. 15 நிமிடம் காத்திருந்தோம். உப்பு நீர் வைத்த இடம் அப்படியே இருந்தது. ஆல்டர்னேரியா என்ற பூஞ்சைச் சாறு வைத்த இடம் கொசு கடித்ததுபோலத் தடித்து, சுற்றிலும் சிவந்து எழுந்தது. பையன் சொறியப் போனான். "பொறுடா கண்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அவன் தாயிடம் காட்டினேன். "இவ்வளவு வேகமா எதிர்க்குது பாருங்க. இதுக்கு டானிக் வேணுமா?" அவர் அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் தடித்த அதே தடிப்பு, இரவில் அவன் மூச்சுக்குழாயின் உள்சுவரில் எழுகிறது. அதனால்தான் இழுப்பு.

எல்லை மீறலிலும் பல விதம் உண்டு. ஜப்பானில் கோடைக்கால நுரையீரல் அழற்சி என்று ஒரு நோய். அங்கே கோடைதான் மழையும் புழுக்கமும். பழைய மரவீடுகளில், ஈரம் ஊறிய சமையலறை, குளியலறை மரங்களில், பாய்களில், ட்ரைக்கோஸ்போரான் என்ற பூஞ்சை வளரும். வீட்டிலேயே இருக்கிறவர்களுக்குக் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல். மருத்துவமனையில் சேர்த்தால் மருந்து பெரிதாகக் கொடுக்காமலே சரியாகிவிடும். வீட்டுக்கு அனுப்பினால் சில மணி நேரத்தில் திரும்பிவிடும்! நோயை உறுதி செய்ய நோயாளியை வீட்டுக்கு அனுப்பிப் பார்ப்பதையே ஒரு பரிசோதனையாக வைத்தார்கள் அந்த மருத்துவர்கள். இங்கே ஐஜிஇக்கு வேலையில்லை. வேறு எதிர்ப்பொருள்களும் டி செல்களும் சேர்ந்து காற்றுப் பைகளையே வீங்கச் செய்கின்றன. அழுகிய மரத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டார்கள், அல்லது வீடு மாறினார்கள். நோய் போனது.

இன்னொன்றைச் சொல்லாமல் போனால் என் மனம் ஆறாது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் மூச்சுக்குழாய்ச் சளியிலேயே குடியேறிவிடும். உடம்பு அதை விரட்டவும் முடியாமல், விடவும் மனமில்லாமல் தினமும் சண்டை போடும். ஐஜிஇ அளவு 1,000 யூனிட்டையும் தாண்டிப் போகும். பழுப்பு நிறத்தில் சளிக் கட்டிகள் வரும், சில நேரம் ரத்தமும் கலந்து வரும். எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். இருமல், ரத்தம், நிழல் என்றால் நம் நாட்டில் முதலில் எதை நினைப்போம்? காசநோயைத்தான். இல்லாத காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி, நடுவில் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து கெட்டுப்போன பின் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமல், காசநோய் மருந்துக்கும் குணமாகாமல், கூடவே இழுப்பும் இருந்தால், "டாக்டர், ஐஜிஇ பாத்துடலாமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

மறுபக்கம், சுவரில் கறுப்பாக இருந்தாலே நஞ்சு, மூளையைக் கெடுக்கும் என்றெல்லாம் பேச்சு உலவுகிறது. அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரில் 1990-களில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தபோது, ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சைதான் காரணம் என்றார்கள். 2000-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மறுபடி ஆராய்ந்து, அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது என்றது. நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கறுப்போ பச்சையோ வெள்ளையோ, வளர்கிறது என்றால் அங்கே ஈரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியும், காற்றில் இத்தனை வித்து இருக்கலாம் என்று அளவு எதுவும் வைக்கவில்லை. ஈரத்தைத் தடுங்கள், வளர்ந்ததை அகற்றுங்கள் என்றது.

இதைச் செய்யாமல் விட்டால் எதுவரை போகும்? இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர். ஒரு சிறிய வாடகைக் குடியிருப்பு. சமையலறையிலும் குளியலறையிலும் பூசணம். 2017-லேயே தந்தை முறையிட்டார். அதன் மேல் பெயின்ட் அடியுங்கள் என்று பதில் வந்தது. 2020 டிசம்பரில், இரண்டாவது பிறந்தநாள் முடிந்து சில நாளில், அந்த வீட்டுக் குழந்தை மூச்சுத் திணறி இறந்தது. நீண்ட நாள் பூசணத்தோடு வாழ்ந்ததால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022-இல் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குழந்தையின் பெயராலேயே அங்கே சட்டம் வந்தது; சமூக வீட்டு வசதியில் பூசணத்தைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்தாக வேண்டும் என்று. இரண்டு வயதுக் குழந்தை, அம்மா! பெயின்ட் அடித்தால் போதும் என்று சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னை இன்னும் உறுத்துகிறது. நம்மிடமும் அதே வாக்கியம்தானே இருக்கிறது? 2015 டிசம்பரில் சென்னை வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அடுத்த மாதம் பொங்கல். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டாமா? சுவர் காயும் முன்பே பெயின்ட் ஏறியது. மாசி பிறப்பதற்குள் அதன் அடியிலிருந்து பூசணம் எட்டிப் பார்த்தது.

பெயின்ட் ஏன் போதாது? பிளீச்சிங் தெளித்துப் பூஞ்சையைக் கொன்றாலும் ஏன் போதாது? செத்த வித்திலும் அதே புரதம் இருக்கிறது. ஐஜிஇ அந்தப் புரதத்தைத்தான் பார்க்கிறது. உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. ஆகவே அகற்ற வேண்டும். அகற்றும் முன் ஈரத்தின் ஊற்றை அடைக்க வேண்டும். நனைந்த பொருள் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் பூசணம் பிடிக்க ஆரம்பிக்கும். மெத்தை, தலையணை நனைந்து பூத்துவிட்டால் மனசு கேட்காது, ஆனாலும் தூக்கிப் போடுங்கள். டைல்ஸ், கண்ணாடி, இரும்பு என்றால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து உலர்த்தினால் போதும். தேய்க்கிறவர் என்-95 முகக்கவசம் போடட்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் அந்த வேளையில் வெளியே இருக்கட்டும். உலர்ந்த துடைப்பத்தால் மட்டும் தட்டாதீர்கள். வித்து வீடெங்கும் பறக்கும்.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பது எல்லாம் பூசணமும் இல்லை. செங்கல்லிலிருந்து உப்பு பூத்திருக்கலாம். விரலை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். உப்பென்றால் நறநறத்துக் கரையும். பூசணமென்றால் இழுகும், வாடை வரும். உப்பு ஒவ்வாமை தராது. ஆனால் உப்புப் பூத்த சுவரிலும் ஓதம் இருக்கிறது என்று பொருள்.

அந்தத் தாயிடம் பீரோவை நகர்த்திப் பார்க்கச் சொன்னேன் அல்லவா? மறுநாள் கைபேசியில் படம் கொண்டுவந்தார். பீரோ நின்ற இடத்தில், அதே உயரம், அதே அகலத்தில் சாம்பல் பச்சையாக இன்னொரு பீரோ! பையன் தலை வைத்துப் படுக்கும் இடத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. சுவருக்குள் புதைத்த குழாயின் எல்போ விட்டுப்போய்க் கசிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர், "வெள்ளையடிச்சுத் தர்றேன்" என்றாராம். அவர் கெட்ட மனிதரில்லை. அவருக்குத் தெரியவில்லை. பையனின் முன்கையை நான் படம் எடுத்துக் கொடுத்தேன், கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று. டைல்ஸை உடைத்து எல்போவை மாற்றினார். பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி, பல வாரம் திறந்தே காயப் போட்டார். அதுவரை பையன் ஹாலில் படுத்தான்.

இன்ஹேலரை நான் நிறுத்தவில்லை. ஆஸ்துமா அவனை விட்டுப் போய்விடவும் இல்லை. ஆனால் அடுத்த மழைக்கு மருந்தைப் பாதியாகக் குறைத்தேன். டிசம்பரில் தாயும் மகனும் வந்தார்கள். "இப்ப பீரோவ ஒரு சாண் தள்ளி வெச்சிருக்கோம் டாக்டர். ஞாயித்துக்கிழமையானா இவனே டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பின்னால அடிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றான்" என்றார்.

"என்னடா சொல்லுவ?" என்றேன்.

"சுவர் காஞ்சிருக்குன்னு சொல்லுவேன்" என்றான்.